பொறியில் சேரும் 1.8 மில்லி தண்ணீர்

கேரம் போர்டில் தூவுகிறோமே, அந்தப் போரிக் அமிலம்தான் அமைடு தயாரிக்கும் இந்த வினைக்கு வினையூக்கி. கல்லூரி ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி அதைத் தராசில் 0.31 கிராம் எடுத்தார். ஒரு சிட்டிகைகூடத் தேறாது.

வட்டக் குடுவையில் 16.4 கிராம் ஃபீனைல்பியூட்டிரிக் அமிலம், டொலுவீனில் கரைந்து கிடந்தது. 10.7 கிராம் பென்சைலமீனை ஊற்றியதும் வெள்ளைக் குழம்பானது. அமிலமும் அமீனும் சேர்ந்தால் முதலில் உப்புதான் வரும். அந்த உப்பிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பிரித்தெடுத்தால்தான் அமைடு. பாராசிட்டமாலிலும் நம் உடம்பின் புரதங்களிலும் இருக்கும் பிணைப்பு இது.

"இத்தனை நாளும் இதற்கு டிசிசிதான் போடுவோம் சார்" என்று அலமாரியைக் காட்டினார். 1955-இல் ஷீஹனும் ஹெஸ்ஸும் பெப்டைடுக்காகக் கொண்டுவந்த பொருள். பிணைப்பைச் சுலபமாக உண்டாக்கும். தண்ணீரைத் தானே வாங்கிக்கொண்டு ஒரு யூரியாவாக மாறிப் படியும். 25.3 கிராம் அமைடு எடுக்க 22.4 கிராம் கழிவு! டிசிசி தோலில் பட்டால் ஒவ்வாமை வேறு. "எத்தனை முறை வடிகட்டினாலும் அந்த யூரியா கொஞ்சம் கூடவே வந்துவிடும்" என்றார். 2007-இல் பெரிய மருந்து நிறுவனங்களின் பசுமை வேதியியல் குழு, முதலில் மாற்ற வேண்டிய வினைகளில் இப்படி அமைடு செய்வதை முன்வரிசையில் வைத்ததில் வியப்பில்லை.

குடுவைக்கு மேல் டீன்-ஸ்டார்க் பொறி. எண்ணெய்த் தொட்டி சூடேறி டொலுவீன் கொதிக்க ஆரம்பித்ததும் குழம்பு தெளிந்தது. ஆவி மேலே போய்க் குளிர்ந்து, அளவுக்கோடு போட்ட குழாயில் கலங்கலாகச் சொட்டியது. சற்று நேரத்தில் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. மேலே நின்ற டொலுவீன் வழிந்து குடுவைக்கே திரும்பியது. போரிக் அமிலம் கார்பாக்சிலிக் அமிலத்தைப் பற்றி, அமீன் தாக்குவதற்கு வழிவிட்டு, பிறகு விடுபட்டு அடுத்ததைப் பற்றுகிறது. வினை முழுமையானால் குழாயில் 1.8 மில்லி சேர வேண்டும். கழிவு அவ்வளவுதான், அதுவும் தண்ணீர். இரவு முழுக்கக் கொதிக்க வேண்டும், டொலுவீனும் நல்ல கரைப்பான் இல்லை என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் டிசிசி விட்டுச்செல்லும் யூரியா வண்டலோடு ஒப்பிட்டால் நான் இதன் பக்கம்தான்.

2007-இலேயே இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் குணநாதனும் மில்ஸ்டைனும் இன்னொரு வழி காட்டினார்கள். ஆல்கஹாலையும் அமீனையும் ருத்தேனியம் வினையூக்கியோடு கொதிக்கவைத்தால் அமைடு கிடைக்கும். வெளியேறுவது ஹைட்ரஜன் மட்டும். ருத்தேனியத்தின் விலைதான் இடிக்கிறது.

பக்கத்து மேசையில் தயோஅமைடு. ஆக்சிஜன் இருந்த இடத்தில் கந்தகம். காசநோய்க்கான எத்தியோனமைடு இந்த வகை. வழக்கமான லாசன் வினைப்பொருளின் நாற்றமும் பாஸ்பரஸ் கழிவும் பொறுக்க முடியாதவை. இங்கே பென்சால்டிஹைடு, மார்ஃபோலின், கந்தகத் தூள் மூன்றையும் சேர்த்துச் சூடாக்கியிருந்தார்கள். வில்கெரோட்–கிண்ட்லர் வினை, பழையதுதான். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மலையாகக் குவியும் கந்தகத்துக்கு இது ஒரு நல்ல வேலை. இதிலும் வெளியே வருவது தண்ணீர்.

பெப்டைடுக்கும் போரிக் அமிலம் உதவுமா என்று கேட்டேன். "அந்தச் சூட்டில் அமினோ அமிலங்களின் இடக்கை, வலக்கை அமைப்பு கலந்துபோகும் சார். அதற்கு இன்னும் டிசிசி மாதிரிதான் வேண்டியிருக்கிறது. குறைந்த சூட்டில் வேலை செய்கிற போரான் சேர்மங்களைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்."