ஆக்ராவின் ஹாங்கின் ஐயாவுக்கு, பாரிவாக்கத்திலிருந்து

மதிப்பிற்குரிய எர்னஸ்ட் ஹான்பரி ஹாங்கின் ஐயா,

நீங்கள் காலமானது 1939இல். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது என்று தெரிந்துதான் திறந்த மடலாக எழுதுகிறேன். உங்கள் பெயரையே கேள்விப்படாத நாலு பேராவது இதைப் படிக்கட்டும்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் பாரிவாக்கம். ஒரு பக்கம் ஏரி, மற்ற பக்கமெல்லாம் புதுசு புதுசாக முளைக்கும் வீடுகள். இங்கே குடியிருக்கும் நான், எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரை ஓட்டப் பழகியவன். பழகியது இங்கே இல்லை, புனேயின் ஹடப்சரில். இங்கே பழக முடியாது. தென்கிழக்கே மீனம்பாக்கம் விமான நிலையம், வடக்கே ஆவடியில் விமானப்படை. தலைக்கு மேலே இருக்கிற வானம் முழுக்க யார் யாருக்கோ பட்டா போட்டாயிற்று. அனுமதி கேட்காமல் பறக்கிறவை பருந்துகள் மட்டும்தான். அவற்றைப் பார்த்தே பாதிப் பாடத்தைப் படித்தேன். எப்படிப் பார்ப்பது என்று காட்டியது உங்கள் புத்தகம். அதற்குத்தான் இந்த நன்றி.

உங்களை அறிந்தவர்களில் பெரும்பாலோர் உங்களைக் காலராவோடு சேர்த்தே அறிவார்கள். கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1896இல் எழுதினீர்கள். பின்னாளில், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பாக்டீரியோஃபேஜ் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கட்டுரையை எடுக்கிறார்கள். ஊர்க் கிணறுகளில் பெர்மாங்கனேட் போடச் சொன்னதும் நீங்கள்தான். ஆக்ராவில் அரசு இரசாயனப் பரிசோதகர் உத்தியோகம். அதில் கிடைத்த ஓய்வு நேரத்தில் அண்ணாந்து பார்த்துப் பருந்தையும் கழுகையும் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதி, 1913இல் லண்டனில் வெளியிட்டீர்கள். ரைட் சகோதரர்கள் பறந்து பத்தே வருஷம். உலகமே எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, இறக்கையை அடிக்காமலே மணிக்கணக்கில் மிதக்கிற ஜீவன்களை நேரம் குறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அரசு ஊழியர் நீங்கள். மேலதிகாரிகள் என்ன நினைத்தார்களோ!

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது நீங்கள் பதிவு செய்த வரிசை. காலையில் முதலில் வட்டமிட்டு மேலே போவது பருந்து. உடல் எடைக்கு இறக்கை பெரிது, அதனால் லேசான தூக்கலே அதற்குப் போதும். கனமான பிணந்தின்னிக் கழுகுகள் வெயில் ஏறும்வரை மரத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு சதுர அடி இறக்கையும் எவ்வளவு எடையைச் சுமக்கிறதோ, அதற்குத் தக்கபடி ஒவ்வொரு பறவைக்கும் வானம் திறக்கும் நேரம் தள்ளிப்போகிறது. இதை நீங்கள் தரையில் நின்றே, கடிகாரத்தைப் பார்த்தே கண்டீர்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எங்கள் பருந்து, சதுர மீட்டர் இறக்கைக்கு இரண்டு மூன்று கிலோ சுமக்கிறது. இரண்டு பேர் உட்காரும் பயிற்சிக் கிளைடர் முப்பது கிலோவுக்கு மேல் சுமக்கிறது. அதனால் அது வேகமாகப் பறந்தாக வேண்டும். வேகம் கூடினால் வட்டமும் பெரிதாகும். பருந்துக்குப் போதுமான ஒல்லி வெப்பக்காற்றுத் தூணுக்குள் கிளைடர் அடங்கவே அடங்காது. ஆகவே உங்கள் வரிசையில் கழுகுக்கும் பின்னால், கடைசி ஆளாக நிற்கிறவன் நான். பருந்து ஏறிவிட்டதே என்று அவசரப்பட்டு, கம்பியைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சில் கிளைடரை மாட்டச் சொன்னால், ஹடப்சரில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வின்ச் கம்பி ஏறத்தாழ 1000 அடி வரை இழுத்துவிடும். காற்றில் தூக்கல் இல்லையென்றால் விநாடிக்கு ஒரு மீட்டர் வீதம் இறக்கம். ஐந்து நிமிஷத்தில் சக்கரம் தரையைத் தொட்டுவிடும். மறுபடி வரிசை, மறுபடி காத்திருப்பு. எப்போது போவது என்கிற கேள்வி, எப்படி ஓட்டுவது என்கிற கேள்வியைவிடப் பெரியது என்பது அந்த வரிசையில் நிற்கும்போது எல்லோருக்கும் புரியும்.

ஒரு விஷயத்தில் நீங்கள் பிடிவாதக்காரர். தூக்கிவிடுவது மேலெழும் காற்றுதான் என்று மற்றவர்கள் சொன்னபோது நீங்கள் ஒப்பவில்லை. வேறு ஏதோ ஒரு சக்தி இருக்கிறது என்றே நினைத்தீர்கள். அதே காலத்தில் இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை பருவமழையின் சூட்சுமத்தைத் தேடிய மனிதர். பசிபிக் கடலின் காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டவரும் அவரே. அவரும் பறவைகளை அண்ணாந்து பார்த்தவர்தான். மேலெழும் காற்றே காரணம் என்று விளக்கினார். காரணத்தில் அவர் சொன்னதுதான் நின்றது. ஆனால் பாருங்கள், காரணம் பிசகியும் உங்கள் நேரக்குறிப்பு ஒன்றுகூடப் பிசகவில்லை. உங்கள் கொள்கைக்கு வசதியாகக் குறிப்பை வளைக்கவில்லை என்பதால்தான் இத்தனை வருஷம் கழித்தும் நான் அதை நம்பி வானத்தைப் பார்க்கிறேன். விஞ்ஞானத்தில் இது எளிதில் கிடைக்காத குணம். வெப்பக்காற்றில் ஏறலாம் என்று ஐரோப்பியக் கிளைடர் ஓட்டிகள் தெளிவாகக் கண்டுகொண்டதே 1920களின் பின்பாதியில்தான். அதுவரை ஜெர்மனியின் வாசர்குப்பே மலைச்சரிவில், மலையில் மோதி எழும் காற்றில் போய் வந்துகொண்டிருந்தார்கள். நம் ஊர்ப் பருந்தை நீங்கள் பார்த்தது போல அவர்கள் பார்த்திருந்தால் பத்து வருஷம் மிச்சமாகியிருக்கும்.

இனி எங்கள் ஊர் வானத்தைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆக்ராவில் கடல் கிடையாது. இங்கே நாள் முழுவதையும் ஆட்டி வைப்பது அதுதான்.

இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டி ஒரு குளிர்ந்த அடுக்கு படிந்திருக்கும். வெயில் ஏறி அந்த அடுக்கு உடைகிறவரை எந்தக் காற்றும் மேலே போகாது. எத்தனை டிகிரியில் உடையும் என்று இன்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். மீனம்பாக்கத்தில் வானிலைத் துறை தினமும் காலை 5.30க்கான பலூன் விடுகிறது. உயரம் போகப் போக வெப்பம் எப்படி மாறுகிறது என்று அது சொல்லிவிடும். வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் கிட்டத்தட்ட 10 டிகிரி குளிரும் என்ற ஒரே விதியை வைத்து, எத்தனை மணிக்குத் தெர்மல் என்கிற வெப்பக்காற்றுத் தூண் கிளம்பும் என்று காபி குடிக்கிற நேரத்தில் சொல்லிவிடலாம். உங்களிடம் பலூன் இல்லை, பருந்து இருந்தது. இரண்டும் பெரும்பாலான நாட்களில் ஒரே விடையைத்தான் தருகின்றன.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் முதலில் சூடாகும். அந்தப் பக்கத்து வானத்தில்தான் முதல் பருந்து தெரியும். செம்பரம்பாக்கம் ஏரிக்கு நேர் மேலே நண்பகலிலும் எதுவும் வட்டமிடாது. தண்ணீர் சூடாக நேரமாகும், அங்கே காற்று இறங்கும். ஏரியின் கரையோரம் வேறு கதை. கிளைடர் ஓட்டுகிறவர்களுக்கு உலகம் முழுக்க இதே பாடம்தான்: காய்ந்த நிலம், சூடான கூரை, காற்று வரும் திசைக்கு முகம் காட்டும் சரிவு. ஏரியையும் நனைந்த வயலையும் சுற்றிக்கொண்டு போ.

பிறகு மதியம். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பலமாக இல்லாத கோடை நாளில் மெரினாவில் கடல்காற்று திரும்பி, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்து எங்களிடம் வந்து சேரும். வரும்போது முன்னால் இருக்கிற சூடான காற்றைத் தோண்டித் தூக்கிக்கொண்டே வரும். அந்தக் கோட்டில் பருந்துகள் வட்டமே போடாமல் நேராகப் போய்க்கொண்டே உயர்வதைப் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் கிளைடர் ஓட்டிகள் இதே கடல்காற்று முகப்பைத் தேடிப் போய் அதன்மீதே பல மைல் சவாரி செய்திருக்கிறார்கள். கோடு நம்மைத் தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. பின்னால் வருவது குளிர்ந்த, அடங்கிய காற்று. ஊர்க்காரர்களுக்கு நிம்மதி, பருந்துக்கு வேலை இல்லை. மேல்காற்று பிடித்துக்கொண்டு கடல்காற்றை உள்ளேயே விடாத நாட்களும் உண்டு. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அப்படிப்பட்ட நாளில் நிழலில் இருப்பதே உத்தமம்.

இவ்வளவு வெயில் இருந்தும் சென்னையைவிட ஹடப்சர் ஏன் மேல் என்று கேட்கிறார்கள். அனுமதி கிடைப்பதை விட்டுவிட்டாலும் ஒரு காரணம் இருக்கிறது. வெப்பநிலைக்கும், காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தில், ஒரு டிகிரிக்கு 125 மீட்டர் என்று வைத்தால் மேகத்தின் அடி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று தெரியும். சென்னையில் 37 டிகிரி, பனிநிலை 25 என்றால் 1500 மீட்டர். தக்காணத்தில் ஒரு வறண்ட ஏப்ரல் மதியம், அதே 37, பனிநிலை 10 என்றால் 3375 மீட்டர். நமக்கு வியர்த்துக் கொட்டுகிற அந்த ஈரம்தான் நாம் ஏறக்கூடிய கூரையைத் தாழ்த்துகிறது. ஜூன் வந்தால் புனேயில் மழை. ஆகவே பிப்ரவரி கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரைதான் எனக்கு டிக்கெட் போடும் காலம். இதே கணக்கைப் போட்டுத்தான் பணமுள்ளவர்கள் டிசம்பரில் நமீபியாவுக்குப் போகிறார்கள். மலைக்கு அப்பால் அலை அலையாக எழும் காற்றைத் தேடி ஆண்டிஸ் பக்கம் போகிறவர்களும் உண்டு. அங்கேதான் 2003 ஜனவரியில் கிளாவுஸ் ஓல்மன் ஒரே நாளில் 3000 கிலோமீட்டருக்கு மேல் போனார். 2018 செப்டம்பரில் பெர்லான் கிளைடர் 76,000 அடியைத் தாண்டியது. நமக்கு ஹடப்சர் போதும். ஊரும் கட்டடமும் ஓடுபாதையை நெருக்கிக்கொண்டிருந்தாலும் போதும்.

நாள் பார்ப்பது பற்றி ஒரு வேடிக்கை. டெல்லியில் நம் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் கிளைடர்களை வடிவமைத்த காலத்தில் அவற்றுக்கு வைத்த பெயர்கள் அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. யாரோ பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அக்னி நட்சத்திரம் என்று நாங்கள் சொல்லும் கத்திரி வெயில் காலம், சூரியன் பரணியின் பின்பாதியில் தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதம் முடிகிறவரை. தெர்மல் உச்சத்தில் இருக்கும் அந்தச் சில வாரங்களுக்கு உரிய மூன்று நட்சத்திரங்களும் மூன்று கிளைடர்களாக இருந்திருக்கின்றன! எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் நான் புனேக்குக் கிளம்பும்போதெல்லாம் ராகுகாலம் பார்க்கச் சொல்வார். பார்க்கிறேன் ஐயா என்று தலையாட்டிவிட்டு மீனம்பாக்கத்துப் பலூனைப் பார்க்கிறேன். இருவருக்கும் திருப்தி.

உங்களுக்குச் சொல்ல வருத்தமாக இருக்கும் செய்தியும் ஒன்று உண்டு. ஆக்ரா வானத்தில் நீங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்த அந்த வெண்முதுகுக் கழுகுகள், மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தால் செத்து மடிந்தன. மருந்து ஏறிய மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் போயிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போனபின் 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் மிச்சமிருப்பவை முதுமலை, மாயாறு பக்கம்தான். உங்கள் வரிசையில் பருந்துக்கும் கிளைடருக்கும் நடுவே இருந்த இடம் காலி. இடைநிலை ஆள் இல்லாததால், ‘இப்போது கிளம்பலாம்’ என்று சொல்கிற பறவையை எங்கள் தலைமுறை வேறு எங்காவதுதான் தேட வேண்டியிருக்கிறது.

நான் தேடிக் கண்டது ஆவடி பருத்திப்பட்டு ஏரியில். கூழைக்கடா. நாலைந்து கிலோ எடை. பருந்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுமையை அதன் இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்குகிறது. உங்கள் விதிப்படி பருந்துக்குப் பின்னால், நன்றாகத் தள்ளித்தான் அது எழ வேண்டும். நன்றிக்கடனாக, உங்கள் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ள இதை அனுப்புகிறேன்: மார்ச் மாதம், தெளிந்த வானம், லேசான காற்று. பாரிவாக்கத்தில் பருந்துகள் வட்டமிடத் தொடங்குவது ஒன்பதை ஒட்டி. நாரைகள் அதற்குப் பின். கூழைக்கடாக்கள் இறக்கையை அடிக்காமல் கூட்டமாக ஏறுவது பத்தரைக்கு மேல். காலை மேகமூட்டமாக இருந்தால் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது, வரிசை மட்டும் மாறுவதில்லை. அக்டோபரில், வடகிழக்குப் பருவம் இறங்குமுன், இதையே மறுபடி குறித்து எழுதுகிறேன்.


பாரிவாக்கத்திலிருந்து ஒரு கிளைடர் மாணவன்