தெளிந்தது, ஆனால் தப்பு!

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிக்கலில் வந்த சால்ட்டை 'குளோரைடு' என்று எழுதிவிட்டு ஜாலியாக வெளியே வந்தவன் நான். வந்தது சல்ஃபேட் :-(

சும்மா எழுதவில்லை மக்களே. நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டதும் வெள்ளையாகக் கலங்கியது. அம்மோனியா விட்டுக் குலுக்கினால் தெளிந்துவிட்டது. அப்படியென்றால் குளோரைடு என்றுதானே மனப்பாடம் செய்தோம்? பேரியம் குளோரைடு சோதனையை நான் தொடவே இல்லை.

சில்வர் குளோரைடு தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான் கரையும். கரைந்த அந்தத் துளியூண்டு வெள்ளி அயனியை இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் இரு பக்கமும் பிடித்து அணைவு அயனி ஆக்கிவிடும். வெள்ளி குறைகிறதே என்று வீழ்படிவு இன்னும் கொஞ்சம் கரையும். அதையும் பிடிக்கும்... கடைசியில் வெள்ளை காலி! நைட்ரிக் அமிலம் விட்டால் அம்மோனியா அமிலத்தோடு போய்விடும், வெள்ளை திரும்ப வந்து நிற்கும். சில்வர் அயோடைடு மட்டும் மசியாது. அதிலிருந்து தண்ணீருக்கு வருகிற வெள்ளி ரொம்பவே கம்மி.

சரி, என் குளோரைடு எங்கிருந்து வந்தது? அவசரத்தில் சால்ட்டைக் கரைத்தது டிஸ்டில்ட் வாட்டரில் இல்லை, குழாய்த் தண்ணியில்!

காலேஜ் சேர்ந்ததும் தல்லாகுளம் வீட்டு போர் தண்ணியை (சரியான உப்புத் தண்ணி) பாட்டிலில் கொண்டுபோய் சில்வர் நைட்ரேட் விட்டேன். மோர் மாதிரி ஆனது. அம்மோனியா விட்டேன். தெளிந்தது.