தும்பாக் கடற்கரையில்

திருவனந்தபுரத்தை அடுத்து, அரபிக் கடலோரத்தில் இருக்கிறது தும்பா என்னும் மீனவர் கிராமம். அங்குள்ள மகதலா மரியாள் தேவாலயத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு போனது ஆராதனைக்காக அல்ல, ராக்கெட் பார்ப்பதற்காக!

பூமியின் காந்த நடுக்கோடு இவ்வூருக்கு அருகில் செல்வதால், டாக்டர் விக்ரம் சாராபாய் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். மேற்றிராணியார் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் ஊர் ஜனங்களும் தங்கள் கோயிலையே கொடுத்தார்கள். முதலில் ஆராய்ச்சிச் சாலையாகப் பயன்பட்ட அக்கட்டடம் இன்று விண்வெளிக் காட்சிசாலை.

1963 நவம்பர் 21-ம் தேதி மாலை இங்கிருந்து முதன்முதலாகக் கிளம்பிய ராக்கெட் அமெரிக்காவில் செய்தது. அதைப் பொருத்திச் சரிபார்த்தவர்களில் ராமேசுவரத்து அப்துல் கலாமும் ஒருவர். நான்கே ஆண்டுகளில், 1967 நவம்பரில், நம்மவர்களே செய்த ரோகிணி-75 பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர்தான்!

"இதை உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவர் யார்?" என்று எங்களுடன் வந்த சிறுவன் கேட்டான். ஒருவருமில்லை, திருப்புவதற்குச் சுக்கானும் இல்லை. தீபாவளி வாணத்தின் குச்சியை ஒடித்துவிட்டுக் கொளுத்தியவர்களுக்கு இதன் சூட்சுமம் பாதி தெரிந்திருக்கும். குச்சியில்லாத வாணம் அண்டை வீட்டுக் கூரையைத் தேடிப் போகும்! குச்சியின் வேலையை இங்கே வாலிலுள்ள சிறகுகள் செய்கின்றன. பாரத்தின் மையம் முன்னேயும், காற்றின் அழுத்தம் தாக்குமிடம் பின்னேயும் இருந்தால், மூக்கு சற்று விலகினாலும் காற்றே வாலைத் தள்ளி நேராக்கிவிடும்.

உயரே காற்று மெலிந்தபின் சிறகுக்குப் பிடிப்பு ஏது? அதற்காகவே சிறகுகளை இம்மியளவு சாய்த்துப் பொருத்துகிறார்கள். ராக்கெட் பம்பரம்போல் சுழன்றுகொண்டே போகிறது. சுழலும் பம்பரம் எளிதில் சாயாதல்லவா? ஆனால் அதற்கும் அளவுண்டு. சுழற்சியின் வேகமும் ராக்கெட்டின் இயல்பான ஆட்டத்தின் வேகமும் ஒன்றிவிட்டால், ஆட்டம் வளர்ந்து ராக்கெட்டே முறிந்து போகலாம்.

கடற்காற்றையும் கவனிக்க வேண்டும். மருந்து எரியும்போது ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும். ஆகையால் பலூன் விட்டுக் காற்றை அளந்து, அதற்கு ஈடாக ஏவுமேடையின் சாய்வை முன்கூட்டியே மாற்றி வைக்கிறார்கள். கையை விட்டுப் போனபின் திருத்த வழியில்லை.

கோயிலைக் கொடுத்தவர்களும் அப்படித்தான் நம்பிக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 2022 நவம்பரில் இதே கடற்கரையிலிருந்து, ரோகிணி-200 ராக்கெட் தொடர்ந்து 200-வது முறையாகப் பழுதின்றிப் பறந்தது.