பொருத்தமான பொறி

ஆலய வளாகத்தின் வேப்பமர நிழலில் நிற்கும் பழைய வெள்ளை அம்பாசிடரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1972ஆம் ஆண்டின் மார்க் டூ. என் தகப்பனார் ஊழிய நாட்களில் ஓட்டிய அந்த வண்டி, அவருடைய மறைவுக்குப் பின் என் கைக்கு வந்தது. இவ்வாரம் அதன் நான்கு ஸ்பார்க் பிளக்குகளைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். புன்னகை செய்யாதீர்கள், அவை எனக்குக் கற்றுத்தந்தது சிறிய பாடமன்று.

சென்ற மழைக்காலத்தில் பழைய பிளக்குகள் தேய்ந்துவிட்டன. நானே கடைக்குச் சென்று, இருப்பவற்றுள் விலை மிகுந்ததைக் கேட்டேன். "பந்தய வண்டிகளுக்குப் போடுறது, ஐயா" என்று கடைக்கார இளைஞர் எடுத்துத் தந்தார். தகப்பனாரின் வண்டிக்குச் சிறந்ததையே வாங்கினேன் என்ற நிறைவோடு வீடு திரும்பினேன்.

மூன்று வாரங்கள் சென்றன. ஒரு நாள் நள்ளிரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. நம் சபையின் முதிய தாயார் ஒருவருக்கு மூச்சுத்திணறல். "இதோ வருகிறேன்" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் பற்றவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றேன். பெட்ரோல் வாடை எழுந்ததேயன்றி வண்டி அசையவில்லை. இறுதியில் அத்தெருவில் இருந்த ஆட்டோக்காரர் ஒருவரே அத்தாயாரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தார். அவர் பிழைத்துக்கொண்டார். அவருடைய மகன் என்னைக் குறித்து ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனாலும் "இதோ வருகிறேன்" என்ற என் சொல் பல நாட்கள் என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் காலையில், தகப்பனார் காலந்தொட்டு இவ்வண்டியைப் பார்த்துவரும் பெரியவரை அழைத்தேன். அவர் நான்கு பிளக்குகளையும் கழற்றிச் செய்தித்தாளின்மேல் வரிசையாக வைத்தார். நான்கும் உலர்ந்த கரி படிந்து கறுத்திருந்தன. கரியைக் கண்டவுடன் அவர் பிளக்கைக் குறை கூறவில்லை. கார்புரேட்டர் பெட்ரோலை மிகுதியாக விடுகிறதா, சோக் முழுவதும் திரும்புகிறதா என்று சோதித்தார். இரண்டிலும் பழுதில்லை. நான் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய பிளக்குகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவற்றின் முனை தேய்ந்திருந்தது, நிறமோ இளம்பழுப்பு.

"புது பிளக்குலயும் குத்தமில்ல ஐயா. உங்க ஓட்டத்துக்கு இது ஆகாது, அவ்வளவுதான்" என்றார்.

பின்னர் அவர் விளக்கியதன் சாரம் இது. எஞ்சின் ஓடும்போது பிளக்கின் பீங்கான் முனை ஏறத்தாழ 500 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், படியும் கரி எரிந்து நீங்காது. மிகுந்தால், பொறி எழுமுன்னரே எரிபொருள் தீப்பற்றி பிஸ்டனுக்கே கேடு வரும். கோல்டு பிளக் தன் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும். ஹாட் பிளக் அதைச் சற்று நேரம் தக்கவைக்கும். இடைவிடாமல் சீறி ஓடும் பந்தய எஞ்சினுக்குக் கோல்டு பிளக் தேவை. என் வண்டியோ சோக்கை இழுத்துப் புறப்பட்டு, இரண்டு கிலோமீட்டர் சென்று, ஒரு வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நிற்பது. அந்தப் பிளக்குகள் ஒரு நாளும் தம் கரியை எரிக்குமளவு சூடேறவில்லை. படிந்த கரியின் வழியே மின்சாரம் கசிந்துவிட, பொறி எழவில்லை.

எண்ணைக் கொண்டு தேர்வதிலும் கவனம் தேவை. என்ஜிகே நிறுவனத்தின் பிளக்குகளில் எண் கூடக்கூடக் குளிர்ச்சி மிகும். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் வெப்பம் மிகும். அளவும் பொருந்த வேண்டும். இவ்வண்டியின் 1489 சிசி எஞ்சினுக்கு மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர், நீளம் 19 மில்லிமீட்டர். மரை குட்டையானால் பொறி துளைக்குள்ளேயே ஒடுங்கிவிடும். நீண்டால் உள்ளே பிஸ்டனில் இடிக்கக்கூடும். பெரியவர் என்ஜிகே பிபி6இஎஸ் வகையைத் தேர்ந்து, ஃபீலர் கேஜைச் செருகி, இடைவெளியை 25 தவ், அதாவது 0.64 மில்லிமீட்டராக அமைத்து, மரை பிசகாதபடி முதலில் கையாலேயே திருகிப் பொருத்தினார். விலை, நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை. 500 கிலோமீட்டருக்குப் பின் கழற்றிப் பார்த்தோம். நான்கு முனைகளும் இளம்பழுப்பு.

அன்பானவர்களே, அந்நாளின் மாலையில் நம் சபையின் ஒரு தம்பி என் நினைவுக்கு வந்தார். அவருடைய அனுமதியோடே இதை எழுதுகிறேன். வாலிபர் கூட்டத்தை நடத்தும் பொறுப்பை அவருக்கு அளித்திருந்தேன். அது பெரிய பொறுப்பு, ஆகவே நல்ல பொறுப்பு என்பது என் எண்ணம். அவர் மேடையில் தடுமாறினார். பின்னர் வருவதையே குறைத்துக்கொண்டார். அவருக்கு ஆர்வமில்லை என்று நான் மனத்துக்குள் தீர்த்துவிட்டேன். அவரை வைத்த இடம் தகுமா என்று ஒரு முறையும் ஆராயவில்லை.

அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "பேசச் சொன்னாதான் பயம், பாஸ்டர். வேற எதுவும் செய்றேன்" என்றார். இப்பொழுது, நடக்க இயலாத முதியவர்களை வாரந்தோறும் சந்தித்து, அவர்களுக்கு மருந்து வாங்கித் தருபவர் அவரே. இரவில் யாருக்கேனும் உடல்நலம் குன்றினால் என்னை முந்திக்கொண்டு செல்பவரும் அவரே.

உங்கள் இல்லத்திலோ பணியிடத்திலோ ஒருவர் சோர்ந்து காணப்பட்டால், அவரைக் குறித்துத் தீர்ப்பெழுதுமுன் அவருக்கு நாம் கொடுத்த வேலையைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். நானும் அவ்வாறே செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் போதகர்