மாரிக்கால அறையில் வாடும் யுக்கா

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளிலும் விடுதிகளிலும் அழகுக்காகச் சாடியில் வளர்க்கப்படும் யுக்கா, மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது. எல் சல்வடோரின் தேசிய மலர் இதன் பூவே. தாவரவியலார் இதனைத் தண்ணீர்விட்டான் குடும்பத்தில் சேர்ப்பதால், இலங்கையின் உலர்வலயப் பற்றைகளில் தானாகவே வளரும் மருளுக்கும் இது உறவாகிறது. மருளைப் போலவே இதுவும் வறட்சியைத் தாங்கும். வேரடியில் தேங்கும் நீரைத் தாங்காது.

இப்பகுதியில் யுக்கா நலிவதற்கான காரணத்தைப் பருவ மாற்றத்திலேயே தேட வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் எனப்படும் வறண்ட தென்மேல் காற்று வீசும்போது சாடி மண் விரைவில் காய்வதால், அடிக்கடி நீரூற்றும் பழக்கம் ஏற்படுகிறது. ஒக்டோபரில் மாரி தொடங்கி, சாளரங்கள் அடைக்கப்பட்டு அறை இருண்டபின், செடி உறிஞ்சும் நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. பழக்கம் மட்டும் மாறாதிருப்பதால் வேர்கள் காற்றின்றி அழுகுகின்றன. அழுகிய வேரால் நீரை மேலேற்ற முடியாமையால் இலைகள் தொய்கின்றன. அத்தொய்வைத் தாகமென்று கருதி மேலும் நீரூற்றுவதே பெரும்பாலான செடிகளின் முடிவுக்குக் காரணமாகிறது.

ஆகவே, நீரூற்றுவதற்கு முன் தண்டை விரலால் அழுத்திப் பார்ப்பதே முதற்பணியாகும். அடியிலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்வது முதுமையின் இயல்பு. பல இலைகள் ஒருசேர மஞ்சளாகி, தண்டும் மெத்தென்றிருந்தால் அது அழுகலாகும். அந்நிலையில் செடியைச் சாடியிலிருந்து எடுத்து, குழைந்து நாறும் வேர்களை நீக்கி, தண்டிலும் அழுகல் ஏறியிருப்பின் உள்ளே கறையற்ற வெளிர்நிறம் தெரியும்வரை கூரிய, தூய கத்தியால் வெட்ட வேண்டும். வெட்டிய பகுதியைச் சில நாட்கள் நிழலில் உலரவிட்டால், வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். நடும்போது தண்டின் மேல்நுனி மேற்புறமாகவே இருக்க வேண்டுமாதலால், வெட்டும்போதே அதை அடையாளமிடுவது நன்று.

நடுகைக் கலவையில் இவ்வூருக்கே உரிய கவனம் தேவைப்படுகிறது. தேங்காய் மட்டையிலிருந்து தும்பைப் பிரிக்கும்போது உதிரும் துகளாகிய தும்புச்சோறு எளிதில் கிடைப்பினும், அது தன் நிறையைப் போலப் பன்மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். ஆதலால் கலவையில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படாமல், அதையும் பலமுறை அலசி உப்பைப் போக்கியே சேர்க்க வேண்டும். எஞ்சிய பங்கிற்கு ஆற்றுமணலும் செங்கற்சல்லியும் பொருந்தும். உப்பைச் சுமந்த கடற்கரை மணல், கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தாலும், அறவே கூடாது. கரையோரக் கிணறுகள் சிலவற்றின் உவர்நீரும் அவ்வாறே மண்ணில் உப்பைப் படியவைத்து இலைநுனிகளைக் கருக்கும் என்பதால், மாரியில் சேமித்த மழைநீரே சிறந்தது.

சாடி வேர்த்தொகுதியைவிடச் சற்றே பெரிதாகவும் அடியில் துளையுள்ளதாகவும் இருந்தால் போதும்; தட்டில் வடியும் நீரை உடனே அகற்ற வேண்டும். விரல் நீளத்திற்கு மண் உலர்ந்த பின்னரே மறுபடி நீரூற்றலாம். புதிய இலை தோன்றும்வரை பசளை வேண்டாம். இருண்ட அறையில் இருந்த செடியை நேரே வெயிலில் வைத்தால் இலைகள் கருகுமாதலால், முதலில் காலை வெளிச்சம் படும் விறாந்தையில் வைத்துப் பழக்குவது முறையாகும்.

இலைகளெல்லாம் உதிர்ந்த பின்னும் தண்டில் உறுதியான பகுதி எஞ்சியிருப்பின், அதன் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் துளிர்க்கக்கூடும். அதற்குச் சில மாதங்களும் ஆகலாம் என்பதால், தண்டு கெட்டியாக உள்ளவரை அதனை எவரும் எறிந்துவிட வேண்டாம்.