வாசல் மணிக்கு வந்த காய்ச்சல்

எங்கள் வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் வீடியோ டோர்பெல்லைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "கொத்தனார் வீட்டுக்கு எதுக்குடா கேமரா வெச்ச காலிங் பெல்?" என்று நீங்கள் கேட்கலாம். பெண்ணாடத்தில் எங்கள் தெருவே அப்படித்தான் கேட்டது.

அது திருடனுக்குப் பயந்து வாங்கியது அல்ல. எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது? மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், குவைத்தில் கட்டட வேலை செய்கிறார். போன லீவில் வந்தபோது கொண்டு வந்தார். அவருக்கு 3 வயதில் ஒரு பெண் குழந்தை. அது ஸ்டூல் மேல் ஏறிப் பட்டனை அமுக்கினால் குவைத்தில் மாமாவின் போன் அடிக்கும். அவர் குழந்தையைப் பார்ப்பார், அங்கிருந்து பேசுவார். அக்காவின் போனிலும் வீடியோ கால் உண்டு. ஆனால் குழந்தை தானே ஏறித் தானே அப்பாவைக் கூப்பிடுவது இதில் மட்டும்தான். குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே பகல் 12.30, சாப்பாட்டு நேரம் என்றால் இங்கே 3 மணி. அந்த 3 மணிக்காகக் குழந்தை தலை சீவிக்கொண்டு காத்திருக்கும்.

கத்திரி வெயில் தொடங்கியது. மிகச் சரியாக அந்த நேரம் பார்த்து டோர்பெல் அணைய ஆரம்பித்தது. போனில் 'சூடு அதிகம்' என்று ஒரு வரி வரும், பிறகு படம் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் மறுபடி உயிர் வரும். குழந்தை பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா கோவமா?" என்று அக்காவைக் கேட்டது. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த மாமா, ஒரு ராத்திரி என்னிடம், "தம்பி, நீ கரண்டுதான படிக்கிற? என்னன்னு பாரேன்" என்றார்.

எங்கள் வம்சத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். முதல் வருஷ ஃபீஸ் மாமா அனுப்பிய பணம். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அது வைவா கேள்வி போல இருந்தது.

ரிப்பேர் கடையில் ஒருவர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "போர்டு போயிருக்கும், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்றார். அம்மாவோ, "பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுல ஒரு மணி நேரம் வெச்சு எடுத்தா சரியாப் போவும்" என்றது. சூடான பொருளைச் சட்டென்று குளிரில் வைத்து வெளியே எடுத்தால் உள்ளே நீர் கோத்துக்கொண்டு, நன்றாக இருக்கும் போர்டும் கெட்டுவிடும். அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரிய வைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

எனக்குப் பயம் வேறு. அதற்குள்ளே இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. பொதுவாக அதை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சூட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டே போனால் ஆயுள் குறையும், உப்பும், மோசமானால் தீயும் பிடிக்கும். எங்கள் வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். குழந்தை மதியம் தூங்குவது அதை ஒட்டித்தான். அதனால் முதல் வேலையாக அடாப்டரைப் பிடுங்கினேன். டோர்பெல்லைக் கழற்றி நிழலில் ஆறவிட்டு, பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உப்பல் இல்லை, வாடை இல்லை. உப்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அதை மாட்டவே விட்டிருக்க மாட்டேன்.

சூடு எங்கிருந்து வருகிறது? உள்ளே இருந்தா, வெளியே இருந்தா? என்னிடம் இருக்கும் மல்டிமீட்டரில் தெர்மோகப்பிள் மாட்டி வெப்பம் பார்க்கலாம். முதல் நாள் டோர்பெல்லை வீட்டுக்குள்ளேயே, என் கண் முன்னால், அதே அடாப்டர், அதே வைஃபையில் ஓட விட்டேன். அறை 36 டிகிரி, டோர்பெல் உடம்பு 45. ஆக அது தானாக உண்டாக்கும் சூடு 9 டிகிரிதான். போர்டு போகவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. மறுநாள் பழைய இடத்தில் மாட்டி, பக்கத்திலேயே நின்றேன். மூன்றரை மணிக்கு நிழலில் 40, டோர்பெல் மேல் 64! அட்டைப் பெட்டியில் போட்டிருந்த உச்ச வரம்பு 50.

எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. டோர்பெல்லோ கறுப்பு. அதன் முகம் 14 சென்டிமீட்டருக்கு 5, அதாவது 70 சதுர சென்டிமீட்டர். வெயில் நேராக விழுந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். இந்த முகத்துக்கு 7 வாட். சாய்ந்து விழுகிறது என்று பாதியாகக் குறைத்தாலும் மூன்றரை வாட். அடாப்டரில் இருந்து அது இழுப்பது 5 வோல்ட்டில் 0.3 ஆம்பியர், ஒன்றரை வாட்தான். கரண்டு கொடுக்கும் சூட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சூரியன் கொடுக்கிறது. நோட்டில் இந்தக் கணக்கு வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் செமஸ்டர் ரிசல்டில்கூட வந்ததில்லை.

அப்பாவிடம் காட்டினேன். கணக்கைப் பார்க்கவில்லை, சுவரைத் தொட்டுப் பார்த்தார். "வெயில்ல நிக்கிற ஆளுக்குக் கொடை குடுக்காம வைத்தியம் பாத்தா எப்புடி? அதோட, இது நான் பூசுன செவுரு. ராத்திரி வரைக்கும் சூட்ட வெச்சிருக்கும். ஒட்டி மாட்டாத" என்றார். எட்டு மணிக்கு மீட்டரை வைத்தேன். வெயில் போய் எவ்வளவோ நேரம், சுவர் இன்னும் 42 டிகிரி! இருட்டிய பிறகும் டோர்பெல் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதற்குப் பதில் அதுதான். என் கணக்கில் சுவர் வரவே இல்லை, அப்பாவின் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து வேலை பார்த்தோம். ஒன்றரை அங்குலப் பனஞ்சட்டத் துண்டுகள் இரண்டைச் சுவரில் அடித்து, அதன் மேல் டோர்பெல்லின் தகட்டைப் பொருத்தினோம். நடுவே காற்று ஓடும். மேலேயும் வடக்குப் பக்கமும் மரப் பலகையில் சின்ன சன்ஷேடு, கேமராவின் பார்வையை மறைக்காத அளவுக்கு. தகரம் வேண்டாம் என்றேன். அதுவும் காயும், வைஃபையையும் மறிக்கும். கடைசியில் அடித் திருகு காணவில்லை. அப்பா தன் பையில் இருந்து ஒன்றை எடுத்து வைத்தார், அரை அங்குலம் கூடுதல் நீளம். நான் கையைப் பிடித்துவிட்டேன். அமெரிக்காவில் 2020 நவம்பரில் ரிங் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை டோர்பெல்கள் சுமார் 3,50,000-க்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது இதே காரணத்துக்குத்தான். கூட வந்த திருகை விட்டு வேறு திருகு போட்டதால் பேட்டரி சூடாகி 23 இடங்களில் தீப்பற்றியிருந்தது. அப்பா கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் டார்ச் அடித்துத் திண்ணைக்குக் கீழே தேடி அந்தக் குட்டித் திருகை எடுத்துக் கொடுத்தார்.

மிச்சம் சில்லறை வேலைகள். எதிரே இருக்கும் முருங்கைக் கிளை ஆடும்போதெல்லாம் ஆள் வந்ததாக நினைத்து விழித்துக்கொண்டிருந்தது. ஒரு நாளில் 214 தடவை! கேமரா கவனிக்கும் எல்லையை நம் படிக்கட்டோடு சுருக்கினேன். பீரோவுக்குப் பின்னால் கிடந்த ரூட்டரை ஜன்னலுக்குக் கொண்டு வந்தேன்; சிக்னல் பலவீனமாக இருந்தால் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி வீணாகச் சூடாகும். சார்ஜ் விஷயம் அம்மா பொறுப்பு. விடியற்காலை கோலம் போட எழும்போது சுவிட்சைப் போடும், எட்டு மணிக்கு அணைக்கும். பகலில் பேட்டரியில் மட்டுமே ஓடும்.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு மீட்டர் 48 காட்டியது. படம் நின்றது. கத்திரி முடிவதற்குள் இரண்டு நாள் மட்டும் மறுபடி அணைந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு தடவையும் வெயில் சாய்ந்த அரை மணியில் வந்துவிட்டது.

குவைத்தில் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, பகல் 11 மணியில் இருந்து மாலை 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வெயில் அப்படி. 2016 ஜூலை 21 அன்று அங்கே மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி பதிவானது. எங்கள் டோர்பெல்லின் வரம்பையும் தாண்டிய சூடு! ஜூன் பிறந்ததும் மாமாவுக்கு அந்த நேரம் ரூமில் ஓய்வு. முதல் நாளே பேசினார். நான் செய்ததையெல்லாம் வரிசையாகக் கேட்டுக்கொண்டு, "பனஞ்சட்டம் யாரு ஐடியா?" என்றார். அப்பா என்றேன். "அதான பாத்தேன்" என்று சிரித்தார். பிறகு, "ரெண்டாம் வருஷ ஃபீஸ் எப்ப கட்டணும்?" என்று கேட்டார்.

அப்பாவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று குழந்தைக்கு ஒரே குஷி. அன்று ஸ்டூலை விட்டு இறங்கவே இல்லை. ராத்திரி போனில் எண்ணிப் பார்த்தேன். மணி அடித்தது 61 தடவை.