சப்பாத்திக்கள்ளிக் கறியும் ஒரு கப் சோறும்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில் ஸ்டார் கவுண்ட்டி என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ. ஜனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் மெக்சிகோ வம்சாவளி, வீட்டில் ஸ்பானிஷ், கையில் காசு குறைவு. சர்க்கரை வியாதி மட்டும் தாராளம். 1980-களின் தொடக்கத்திலிருந்தே ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாக்பூரில் கடன் ஃபைல் புரட்டுகிறவனுக்கு டெக்சாஸில் என்னய்யா வேலை என்று கேட்கலாம். காரணம் தங்கமணியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். அதற்குப் பிறகு வருகிறேன்.

2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு முடிவு வந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிற 3,234 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறை, வாரத்துக்கு 150 நிமிஷம் நட என்று ஆள் வைத்துப் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக்காரர்களோடு ஒப்பிட்டால் மெட்ஃபார்மின் பிரிவில் புதிதாக வியாதி வந்தது 31 சதவீதம் குறைவு. பயிற்சிப் பிரிவில் 58 சதவீதம் குறைவு! அப்புறம் என்ன, பாடத்தை ஸ்பானிஷில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் ஸ்டார் கவுண்ட்டியிலும் வேலை முடிந்தது என்றுதானே தோன்றும்?

முடியாது. பேங்கில் இருக்கிறவனுக்கு இது சட்டென்று புரியும். விதர்பா கிராமம் ஒன்றில் நான் மேனேஜராக இருந்தபோது ஹெட் ஆபீஸ் சர்க்குலர் அழகான மராத்தியில் அச்சாகி வரும், சுவரில் ஒட்டுவோம். ஜன் தன் கணக்குகள் திறந்தன, ஆனால் வரவு செலவு பூஜ்யம். உள்ளூர் சுயஉதவிக் குழுப் பெண் ஒருத்தி பேங்க் மித்ராவாகக் கையில் மெஷினோடு திண்ணை திண்ணையாகப் போய் உட்கார்ந்த பிறகுதான் கணக்குகள் மூச்சுவிட்டன. சர்க்குலரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அந்த ஊர்களில் இந்தப் பெண்ணுக்கு ப்ரொமோத்தோரா என்று பெயர். டாக்டரோ நர்ஸோ இல்லை. அதே தெருக்காரி, அதே சர்ச்சுக்குப் போகிறவள், யார் வீட்டில் என்ன சமையல் என்று தெரிந்தவள். அரிசோனாவின் யூமா, சாண்டா க்ரூஸ் மாவட்டங்களில் பாஸோஸ் அடெலான்தே என்று 12 வார வகுப்பு நடந்தது, அதை நடத்தியவர்கள் இவர்கள்தான். பாடத்தோடு ஒரு நடைக் குழுவும் சேர்த்திருந்தார்கள். அது ஏன் முக்கியம் என்றால், எல்லையோரக் குடியிருப்புகள் பலவற்றில் நடைபாதையே கிடையாது. வெயில் கொளுத்தும், தெருநாய் துரத்தும். எட்டு மணிநேரம் வயலில் குனிந்துவிட்டு வந்தவனிடம் "உடற்பயிற்சி செய்கிறாயா?" என்று கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்! நாலு பேர் சேர்ந்து பேசிக்கொண்டே நடந்தால் நடக்கும். (ஆண்கள் இந்த வகுப்புகளுக்கு வருவது அங்கேயும் குறைவுதான்.)

சாப்பாட்டுக்கு வருவோம். டோர்ட்டியாவை நிறுத்து என்று சொன்னால் எழுந்து போய்விடுவார்கள், போக வேண்டியதுதான். நல்ல திட்டங்கள் அப்படிச் சொல்வதில்லை. மைதா டோர்ட்டியாவுக்குப் பதில் சோள டோர்ட்டியா, எண்ணிக்கை குறைத்து. பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் மசித்து வதக்காமல் பானையில் வேகவைத்தபடியே. சோடாவைக் குறை. நோப்பாலை மறக்காதே, பாட்டி சமைத்ததுதானே. நோப்பால் என்றால் என்ன தெரியுமா? நம்ம ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி! முள்ளைச் சீவி நறுக்கி வெங்காயத்தோடு வதக்குகிறார்கள். நார்ச்சத்து நிறைய. கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்னொன்று சூஸ்தோ. திடீரென்று ஏற்பட்ட பயமோ அதிர்ச்சியோ உடம்புக்குள் இறங்கிச் சர்க்கரையைக் கொண்டுவந்துவிட்டது என்ற நம்பிக்கை. குழந்தை பயந்துவிட்டால் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போகும் நமக்கு இது அந்நியமா என்ன. ப்ரொமோத்தோரா இதைக் கிண்டல் செய்வதில்லை. மன உளைச்சல் சர்க்கரையை ஏற்றுவது உண்மைதான், அதையும் பார்ப்போம், தட்டையும் பார்ப்போம் என்று பேச்சை நகர்த்துகிறாள். இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்ற பயமும் அப்படியே. முற்றிய பிறகு இன்சுலின் ஆரம்பித்த மாமாவுக்குக் கண் போனதைப் பார்த்தவர்களிடம் "மூடநம்பிக்கை" என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது.

இப்போது நம் வீட்டுக் கதை. தங்கமணிக்கு ஹெச்பிஏ1சி 6.3 வந்தது. எல்லைக்கோடு. இங்கே ஒரு டாக்டர் மூன்று நிமிஷத்தில் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார். காலை இரண்டு பூல்கா, தயிர். மதியம் ஜோவார் பாக்ரி, பாலக் சப்ஜி. இரவு மூங் கிச்சடி. சாதம், இட்லி, தோசை கூடாது. (கிச்சடிக்குள் இருப்பது அரிசி இல்லாமல் பின் என்னவாம்!) அடுத்த வாரத்திலிருந்து அவள் எங்களுக்கு ரசமும் சோறும் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குமேல் அடுப்படியில் நின்றபடி இரண்டு பூல்காவைத் தின்று முடிப்பாள். ஏன் என்றால் "நீங்க சாப்பிடுங்க, எனக்கென்ன" என்பாள். இருபது வருஷமாக ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட வீடு. அந்தத் தாள் அவளை வியாதிக்காரியாகத் தனியே நிறுத்திவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் ஸ்டார் கவுண்ட்டி ஆய்வைப் படித்தேன். ஷேரன் பிரவுன், கிரெய்க் ஹேனிஸ் குழுவினர் 2002-இல் வெளியிட்டது. ஏற்கெனவே சர்க்கரை வந்துவிட்ட 256 பேர். ஒரு வருஷத்தில் 52 மணிநேரம், முதலில் வாராவாரம் வகுப்பு, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடிப் பேச்சு. சொல்லிக்கொடுத்தவர்கள் இரண்டு மொழியும் தெரிந்த மெக்சிகோ வம்சாவளி நர்ஸுகள், உணவியல்காரர்கள், உள்ளூர்ப் பணியாளர்கள். வகுப்பு நடந்தது பள்ளிக்கூடத்திலும் சர்ச்சிலும். எனக்கு முக்கியமாகப் பட்டது, ஒவ்வொருவரும் குடும்பத்திலிருந்தோ நண்பர்களிலிருந்தோ ஒருவரைக் கூட அழைத்து வர வேண்டும் என்ற ஏற்பாடு. ஆறாவது மாதம் வகுப்புக்கு வந்தவர்களின் ஹெச்பிஏ1சி, வராதவர்களைவிட 1.4 புள்ளி குறைவு. ஆனால் அப்போதும் அவர்கள் சராசரி 10-க்கு மேலேதான் இருந்தது. பாட்டி சமையலைச் சேர்த்துக்கொண்டால் மந்திரம்போல எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் கதை விடவில்லை, அதனாலேயே எனக்கு இந்த ஆய்வின்மேல் மரியாதை.

நாங்கள் செய்தது சின்னது. தாளை மடித்து வைத்துவிட்டுக் கணக்குப் போட்டோம். முக்கால் கப் சோறும் இரண்டு சின்னப் பூல்காவும் மாவுச்சத்தில் ஏறக்குறைய ஒன்று. ஆகவே வீட்டில் எல்லோருக்கும் ஒரே தட்டு: முக்கால் கப் சோறு, அதைவிட இரண்டு பங்கு பொரியல் அல்லது கூட்டு, கெட்டியான பருப்பு, மோர். பையன் முகம் சுளித்தான், பழகிக்கொண்டான். எட்டு மணிக்கு எல்லோரும் உட்காருகிறோம்.

சென்னையிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்த அமெரிக்கப் பாடத்தையே நம் சாப்பாட்டுக்கு ஏற்றபடி மாற்றி 578 பேரிடம் நடத்தினார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மினும் கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் 32 சதவீதம் குறைவு என்று 2016-இல் முடிவு வந்தது. ஆனால் அது சென்னை. நாக்பூரில் வசிக்கும் தமிழனுக்கு யார் இருக்கிறார்கள்?

கடைசியில் காசு, என் துறை. அமெரிக்காவில் 65 வயதுக்காரர்களின் மெடிகேர் 2018-லிருந்து இந்தத் தடுப்பு வகுப்புகளுக்குப் பணம் கொடுக்கிறது. வயல்வேலைக்காரர்கள் பலர் அந்த வயதிலும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. பேப்பர் இல்லாதவர்களுக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவே பயம். ப்ரொமோத்தோராவின் சம்பளம் பெரும்பாலும் ஆராய்ச்சி மானியத்திலிருந்து வருகிறது. மானியம் முடிந்தால் அவள் வேலையும் முடிந்தது. தெருவில் எல்லோருக்கும் அவளைத் தெரியும், பட்ஜெட்டில்தான் அவளுக்கு வரி இல்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். மாதம் ஒரு ஞாயிறு, தமிழ் தெரிந்த உணவியல்காரர் ஒருவரை அழைத்து, கணவன் மனைவி இருவரும் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு வகுப்பு நடத்தலாம் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொங்கல் விழா மேடைச் செலவில் கை வைக்கிறான் என்று ஏற்கெனவே பேச்சு கிளம்பிவிட்டது. வரும் ஞாயிறு கமிட்டிக் கூட்டம். தங்கமணி, "நானும் வர்றேங்க, நானே சொல்றேன்" என்றிருக்கிறாள்.